பிபிஎம் தொண்ணூறு

மகுடேஸ்வரனுக்குக் கோபம் வந்தால் திருப்பூர் மண்ணரையில் மூன்று தெருவுக்கு ஓவர்லாக் மெஷின்களில் நூல் அறுந்துபோகும். இதை நம்பாதவர்கள் அந்த வெள்ளிக்கிழமை காலையில் அங்கே இருந்திருக்க வேண்டும். மாடியறையிலிருந்து அவர் போட்ட சத்தத்தில், தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்திருந்த காக்கை கிளம்பிப் போய், அவிநாசியைத் தாண்டி, சேவூரில்தான் இறங்கியது என்று கேள்வி.

"மவுஸு செத்துப் போச்சு! கொன்னு போட்டானுங்க!"

கீழே கொத்தவரங்காய் அரிந்துகொண்டிருந்த அவர் மனைவி அன்புசெல்வி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "சாகட்டும் உடுங்க. போன வாரந்தான் அரிசி மூட்டையில ஓட்டை போட்டிருந்துச்சு."

"வெளையாடறயா புள்ள? கம்ப்யூட்டர் மவுஸு!"

"அதைக் கொன்னவன் ஆருங்க? அங்க நீங்க ஒருத்தருதான இருக்கறீங்க?"

இந்த மாதிரிக் கேள்விதான் மகுடேஸ்வரனுக்கு ஆகவே ஆகாது. ஏனென்றால் கொன்றவர் அவர்தான்.

நடந்தது இவ்வளவுதான். கட்டைவிரல் நீளத்தில் ஒரு குச்சி வாங்கியிருந்தார். அதைக் கம்ப்யூட்டரில் செருகி, மறுமுனையில் ஆன்டெனா வயரை மாட்டிவிட்டால் கம்ப்யூட்டரே ரேடியோவாகிவிடும். எந்த ஸ்டேஷனையும் பிடிக்கலாம், விமானத்தைக் கேட்கலாம், சேட்டிலைட்டையும் கேட்கலாம். ஆனால் விண்டோஸ் அந்தக் குச்சியை டிவி பார்க்கும் சாமான் என்று நினைத்துக்கொண்டு டிவிக்கான டிரைவரைப் போட்டுவிட்டது. அதை மாற்ற ஒரு குட்டி சாஃப்ட்வேர் உண்டு. திறந்தால் 'இன்டர்ஃபேஸ்' 'இன்டர்ஃபேஸ்' என்று வரிசையாக நாலைந்து பெயர்கள். முப்பத்திரண்டு வருடம் சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டராக இருந்தவருக்கு இன்டர்லாக் துணி தெரியும். இன்டர்ஃபேஸ் என்ன எழவு என்று தெரியாது. முதலில் இருந்ததைத் தேர்ந்தெடுத்து, பெரிய பட்டனை ஒரே அழுத்தாக அழுத்திவிட்டார். ரேடியோ டிரைவர் நேராக மவுஸின் தலையில் போய் ஏறிக்கொண்டது. அம்பு நட்டநடுத் திரையில் நின்றது நின்றதுதான்.

பின்பக்கத்து லைன் வீட்டில் ஏழு வருடமாகக் குடியிருக்கும் இசக்கிமுத்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே வந்தார். தூத்துக்குடிக்காரர். பனியன் கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக்.

"என்ன அண்ணாச்சி, இப்பிடிச் சத்தம் போடுதிய? நம்ம கம்பெனி பாய்லர் வெடிச்சப்பகூட இப்பிடிக் கேக்கல."

"இந்தக் கெரகம் புடிச்ச டப்பாவை ரோட்டுல வீசறனா இல்லையான்னு பாரு!"

"வீசலாம். முதல்ல எல்லாத்தையும் கழத்துவோம். மெஷின்ல கோளாறுன்னா நான் அப்பிடித்தான் பாப்பேன். எல்லாத்தையும் கழத்திட்டு, ஒவ்வொண்ணா மாட்டணும்."

குச்சியைப் பிடுங்கினார், பிரிண்டரைப் பிடுங்கினார். கீபோர்டை மட்டும் வைத்துக்கொண்டு, டிவைஸ் மேனேஜருக்குள் தட்டித் தட்டிப் போய், தவறாக ஏறிய டிரைவரை இறக்கினார். கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி போட்டதும் மவுஸுக்கு உயிர் வந்தது. பிறகு குச்சியை மட்டும் செருகி, புதிதாக முளைத்த பெயர் எதுவென்று பார்த்து, அதற்கு டிரைவரைப் போட்டார். எஃப்எம் பாட்டு கணீரென்று கேட்டது.

"ஒரு மணி நேரம் முன்னாடியே வந்திருந்தா என்ன?" என்று அதற்கும் சீறினார் மகுடேஸ்வரன்.

சேட்டிலைட்டுக்கும் இந்த மனிதருக்கும் என்ன சம்பந்தம் என்றால், அதுவும் கோபத்தால் வந்த சம்பந்தம்தான்.

நாலு மாதத்துக்கு முன்னால், தான் வேலை பார்த்த சாயப்பட்டறையின் முதலாளி லிங்கசாமியின் மகனைத் தன் மகள் அனிதாவுக்குப் பேசி முடித்துவிட்டு வந்தார். கோயமுத்தூரில் இன்ஜினியரிங் மேற்படிப்பு படிக்கும் அனிதா, "எனக்குச் சாயப்பட்டறை வேண்டாங்கப்பா, சேட்டிலைட்டே போதுமுங்க" என்றாள். அன்று மகுடேஸ்வரன் கத்தியதில் நொய்யல் ஆறு அரை மணி நேரம் திரும்பி, கிழக்கிலிருந்து மேற்கே ஓடியதாம். கத்தி முடிக்கும்போது சொன்னார்: "அவிநாசியப்பன் மேல ஆணை! இனி உம்பட கொரலு எங்காதுல உழுகக் கூடாது!"

"சரீங்கப்பா. உழுகாது" என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அப்பனின் சாயம் மகளிடம் கெட்டியாக ஏறியிருந்தது. எத்தனை தடவை அலசினாலும் போகாத சாயம்.

அதற்குப் பிறகு அவள் தாயிடம் மட்டும்தான் பேசினாள். அவர் காதில் விழக்கூடாதே என்று அன்புசெல்வி கொல்லைப்பக்கம் மோட்டார் ரூமுக்குள் போய்ப் பேசினாள். மகுடேஸ்வரன் மோட்டார் ரூமுக்கு வெளியே தென்னைக்குத் தண்ணீர் விட்டார். ஒரே தென்னைக்கு, தினமும், முக்கால் மணி நேரம். அது வேர் அழுகிச் செத்தது.

இரண்டு வாரம் முன்பு, அனிதாவும் கூடப் படிப்பவர்களும் செய்த பிரெட் பாக்கெட் அளவு சேட்டிலைட் மேலே போனது. அதில் அனிதாவின் குரலைப் பதிந்து வைத்திருந்தார்கள். தலைக்கு மேலே போகும்போது ரேடியோ வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். போன புதன்கிழமை அன்புசெல்வி போனைப் பார்த்து, சுவரிடம் சொல்வதுபோலச் சத்தமாகப் படித்தாள்: "பேட்டரி சரியில்லீங்களாமா. ஞாயித்துக்கெழமை காலையில போறதோட பேச்சை நிறுத்திப் போடுவாங்களாமா."

சுவர் பதில் சொல்லவில்லை. மகுடேஸ்வரன் மறுநாளே குச்சியோடு வந்து நின்றார்.

"ஆணை போட்டது கொரலுக்கு," என்று இசக்கிமுத்துவிடம் விளக்கினார். "ரேடியோவுல வர்றது கொரலு இல்ல, அலை. புரியுதா? அவிநாசியப்பனே வக்கீல் வெச்சு வாதாடுனாலும் கேஸு நிக்காது."

வெள்ளி மாலை, தனியாக உட்கார்ந்து செட்டிங்ஸ் எல்லாவற்றையும் திறந்து பார்த்தார். ஒன்றுமே புரியாமல் எரிச்சல் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு கட்டத்துக்குப் பக்கத்தில் பிபிஎம் என்று எழுதியிருந்தது. மகுடேஸ்வரனுக்கு முகம் மலர்ந்தது. அந்த சாஃப்ட்வேர் முழுக்க அவருக்குத் தெரிந்த ஒரே சொல். தண்ணீரின் கடினத்தன்மையை முப்பத்திரண்டு வருடம் பிபிஎம்மில் எழுதிய கை அது. கட்டத்தில் பூஜ்யம் என்று இருந்தது. பூஜ்யம் பிபிஎம் என்று எவனாவது எழுதிக் கொடுத்தால், அவன் தண்ணீரைச் சோதிக்காமலே ரிப்போர்ட் எழுதும் அயோக்கியன் என்று அர்த்தம். "பொய்க் கணக்கு!" என்று உறுமி, தன் பட்டறையில் சாயம் திட்டுத் திட்டாகாமல் ஏறும் யோக்கியமான எண்ணைப் போட்டார்: தொண்ணூறு.

சனிக்கிழமை காலை ஒன்பதேகாலுக்குச் சேட்டிலைட் வந்தது. சாஃப்ட்வேரில் நீலத் துணி மடிப்புக் கலைந்து மேலிருந்து கீழே இறங்குவதுபோல் ஒரு படம் ஓடும். எங்கே சிக்னல் இருக்கிறதோ அங்கே துணியில் வெள்ளைக் கோடு விழும். அவர் குறித்து வைத்த இடத்தில் ஒன்றுமில்லை. வெறும் இரைச்சல். ஆனால் அதற்கு வலப்பக்கம் ஒரு விரற்கடை தள்ளி ஒரு கோடு, பாம்பு மாதிரி நெளிந்துகொண்டே போனது.

"ஈஸ்வரமூர்த்தி!" என்று இரண்டிரண்டு படியாகத் தாண்டிப் பக்கத்து நிட்டிங் கம்பெனிக்குள் நுழைந்தார். "உம்பட மெஷினை நிறுத்து!"

கம்பெனிக்காரர் ஈஸ்வரமூர்த்தி டீ டம்ளரோடு எழுந்தார். "ஏனுங்க மாஸ்டர், என்ன ஆச்சுங்க?"

"மேல சேட்டிலைட்டு பேசறதை உம்பட மெஷினு மறிக்குது. நெளிநெளியா ஒரு திருட்டுக் கோடு வருது. இன்னும் ஒன்றரை மணி நேரத்துல அது திரும்பி வரும். அப்ப எல்லாம் நிக்கோணும்!"

"ஓடற மெஷினை நிறுத்துனா துணியில கோடு உழுகுமுங்க மாஸ்டர். உங்க கோடு போறதுக்கு எம்பட துணியில கோடு உழுகோணுங்களா?"

கால் மணி நேரச் சண்டை. நடுவில் மகுடேஸ்வரன் சொன்ன வார்த்தைகளை அச்சில் ஏற்றினால் காகிதம் கருகும். கடைசியில் ஈஸ்வரமூர்த்தி, காதைக் காப்பாற்றிக்கொள்ளப் பத்து நிமிடம் மெஷின்களை நிறுத்தினார். சேட்டிலைட் திரும்பி வந்தது. அந்தக் கோடும் கூடவே வந்தது, முன்னைவிடத் தெளிவாக.

"பாத்தயா இசக்கி! ஈஸ்வரமூர்த்தி கட்டலுக்கடியில இன்வெர்ட்டரை ஒளிச்சு வெச்சு ஓட்டறான்!" என்று மகுடேஸ்வரன் அந்தக் கோட்டைப் பார்த்துக் காறித் துப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை. கடைசித் தடவை. பத்து இருபதுக்கு ஆரம்பித்து பத்து நிமிடம். அதோடு சரி. அன்புசெல்வி ஒரு சீட்டை இசக்கிமுத்துவின் கையில் திணித்தாள். "அந்தச் சேட்டிலைட்டு டீமோட உதவி நெம்பருங்க தம்பி. எதுக்கும் வெச்சுக்கங்க."

"எவன் உதவியும் எனக்கு வேண்டாம்!" என்றார் மகுடேஸ்வரன்.

பத்து இருபது. இரைச்சல். பத்து இருபத்திரண்டு. இரைச்சல். வலப்பக்கத்தில் திருட்டுக் கோடு மெல்ல நெளிய ஆரம்பித்தது. மகுடேஸ்வரனின் கழுத்து நரம்பு ஆன்டெனா வயர் தடிமனுக்குப் புடைத்தது. மேஜையை ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். பிறகு, திரும்பாமலே, "நீயா போன் போட்டா நாந் தடுக்க முடியுமா?" என்றார்.

இசக்கிமுத்து போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"ஹலோ, வணக்கம்மா. மண்ணரையிலருந்து பேசுதேன். உங்க சேட்டிலைட்டு கேக்கவே மாட்டங்கு... ஆமா, விண்டோஸுதான்... டிரைவரெல்லாம் போட்டாச்சு, எஃப்எம் பாடுது."

"ஒழுங்கா ஒரு பொருளு செய்யத் தெரியல, இவுங்களுக்கெல்லாம் எதுக்குச் சேட்டிலைட்டுன்னு கேளு!" என்று கத்தினார் மகுடேஸ்வரன்.

"பின்னாடி யாருன்னா... ஒரு பெரியவரு. கொஞ்சம் சூடான ஆளு." இசக்கிமுத்து போனைப் பொத்தினார். "அண்ணாச்சி, செட்டிங்ஸ்ல பிபிஎம் எவ்வளவுன்னு அந்தப் பிள்ள கேக்கு."

"தொண்ணூறுன்னு சொல்லு! ஜீரோன்னு பொய்யா இருந்துச்சு, நாந்தான் திருத்தி வெச்சேன்னு சொல்லு!"

இசக்கிமுத்து சொன்னார். பிறகு நெடுநேரம் போனில் காது கொடுத்துக் கேட்டார். நெடுநேரம் என்றால் நாலு விநாடி. ஆனால் பத்து நிமிடத்தில் ஆறு போய்விட்ட நேரம்.

"என்னடா சொல்றாங்க?"

"சிரிக்கு அண்ணாச்சி." மறுபடி கேட்டார். "இல்ல, மூக்கை உறிஞ்சுது."

"சொல்லித் தொலையச் சொல்லு!"

"பிபிஎம்மை ஜீரோ ஆக்கணுமாம். அந்த எண்ணாலதான் நீங்க நாப்பது கிலோஹெர்ட்ஸ் தள்ளி உக்காந்திருக்கியளாம். அவிநாசி பஸ்ஸுக்குப் பல்லடம் ரோட்டுல நின்னா எப்பிடி வரும்னு கேக்கு. அப்பறம்..." இசக்கிமுத்து தயங்கினார். "இது ரேடியோவாம் அண்ணாச்சி. சாயத் தண்ணி இல்லையாம்."

மகுடேஸ்வரன் திட்டுவதற்காக வாயைத் திறந்தபோதுதான் உறைத்தது. மண்ணரையிலிருந்து எவனோ ஒரு மெக்கானிக் தொண்ணூறு என்று சொன்னால், அது சாயத் தண்ணீர்க் கணக்கு என்று கோயமுத்தூரில் எவளுக்குத் தெரியும்? சின்ன வயதில் பட்டறைக்கு வந்து, ஈரக் கையோடு அவருடைய பிபிஎம் நோட்டில் எண்களை எழுதிப் பழகிய ஒருத்தியைத் தவிர?

மவுஸைப் பிடித்தார். தொண்ணூறை அழித்துப் பூஜ்யம் போட்டார்.

நீலத் துணி ஒருமுறை குலுங்கியது. வலப்பக்கத்தில் நெளிந்துகொண்டிருந்த திருட்டுக் கோடு ஒரு விரற்கடை நகர்ந்து, அவர் குறித்து வைத்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. ஈஸ்வரமூர்த்தியின் மெஷின்களை நிறுத்தவைத்த கோடு. அவர் காறித் துப்பிய கோடு. இரைச்சல் விலகியது.

"...அனிதா. உங்கள் தலைக்கு மேலே ஐந்நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து பேசுகிறேன். கீழே திருப்பூரில் எங்கள் வீடு இருக்கிறது. என் குரல் உங்கள் காதில் விழுகிறதா?"

"உழுகுது கண்ணு," என்றார் மகுடேஸ்வரன் ஸ்பீக்கரைப் பார்த்து. "உழுகுது. நல்லா உழுகுது."

"அண்ணாச்சி, இது கேக்க மட்டுந்தான். நம்ம பேசுனா மேல போவாது," என்றார் இசக்கிமுத்து.

மேலே போகவில்லைதான். ஆனால் இசக்கிமுத்துவின் கையிலிருந்த போனை யாரும் அணைத்திருக்கவில்லை. அதிலிருந்து சின்னதாக ஒரு குரல் வந்தது. "அப்பா?"

வானத்துக் குரல் இரைச்சலில் கரைந்துகொண்டிருந்தது. கோடு மங்கி, துணியின் ஓரத்தில் போய் முடிந்தது. மகுடேஸ்வரன் ஸ்பீக்கரைப் பார்த்தார், போனைப் பார்த்தார், வாசலில் நின்ற அன்புசெல்வியைப் பார்த்தார். அவள் கொடுத்த உதவி நெம்பர் யாருடையது என்று இப்போது விளங்கியது. போனைப் பிடுங்கினார்.

"ஏங்கண்ணு, ஊடுன்னு சொன்னா என்ன? மேல போயும் 'வீடு'ங்கற! ஊடுன்னு சொன்னா பேட்டரி தீந்து போயிருமா?"

"தொண்ணூறு பிபிஎம் வெச்சுட்டு நீங்க பேசறீங்களாப்பா? பத்து நாளா, கொரலு கேட்டுச்சுன்னு ஒரு ரிப்போர்ட்டாச்சும் மண்ணரையிலிருந்து வரும்னு பாத்துட்டே இருக்கறேன்!"

"எனக்கு முந்தியே சொல்லறதுக்கென்ன?"

"எங்கொரலு உழுகக் கூடாதுன்னது ஆருங்க?"

"அதுக்குன்னு நாலு மாசமா பேசாம இருப்பியா? அப்பன் ஒரு வார்த்தை சொன்னா அப்படியே கேட்டுப் போடறதா? என்னிக்குடி நாஞ் சொன்னதைக் கேட்டிருக்கற நீ?"

அந்தக் கடைசிக் கேள்வியின் சத்தத்தில் பக்கத்துக் கம்பெனியில் நிட்டிங் மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமாகவே நின்றன. ஈஸ்வரமூர்த்தி சத்தியம் செய்து சொல்கிறார்: சுவிட்சை யாரும் தொடவில்லையாம். அன்றைய துணி முழுக்க, குறுக்கே, நல்ல நேர்க்கோடு ஒன்று விழுந்திருந்தது.