படித்தேன், புரிந்துகொண்டேன்

காலை எட்டு மணி. ஊர் விழித்து, முகம் கழுவி, வேலைக்குப் புறப்படுகிற வேளையில், காகித ஆலையின் இரவுப் பணி முடிந்து வந்த பட்டன்காரர் படுப்பதற்காகக் கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார். மனைவி குனிந்து, குட்டையாகிப் போன அதன் இடது காலுக்கு முட்டாக வைத்திருந்த புத்தகத்தை உருவினாள். தூசி தட்டி, முந்தானையால் ஒரு முறை துடைத்து, அவர் கையில் கொடுத்தாள். கட்டில் இடப்பக்கமாகச் சாய்ந்து, தரையில் 'டக்' என்று ஊன்றியது.

"டாக்டர் தூக்கத்துக்கு வழி சொன்னாரு, சரி. கட்டிலுக்கு யாரு வழி சொல்றது? உருண்டு கீழே விழுந்தா அதுக்கு ஒரு டாக்டரைத் தேடணும்" என்றாள்.

"விழுந்தா எழுப்பு. தூங்கிட்டே விழுந்தா எழுப்பாதே."

அவள் சிரித்தாள். நாற்பது நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்பு என்று ஒன்று மீண்டும் நடமாடத் தொடங்கியிருந்தது. அதற்குக் காரணம் இந்தப் புத்தகம்.

தடித்த அட்டை, மங்கிய நீலம், 'பாதுகாப்பு விதிகள்' என்று தலைப்பு. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், வேலையில் சேர்ந்த அன்று, சோப்பும் துண்டும் கொடுத்த அதே கையால் ஆலை இதையும் கொடுத்தது. அன்று தொட்டு அவர், ஈரத்தாளை உலர்த்தும் இயந்திரத்தின் மேடையில், பச்சைப் பட்டனுக்கும் சிவப்புப் பட்டனுக்கும் முன்னால் நிற்கிறார். பச்சை அழுத்தினால் ஓடும், சிவப்பு அழுத்தினால் நிற்கும். அதனால்தான் அந்தப் பெயர். அவர் கண்ணெதிரே உருண்டோடிய வெள்ளைத்தாளை விரித்துப் போட்டால் ஊரையே மூடிவிடலாம். அந்தத் தாள் பாடநூலாயிற்று, பத்திரமாயிற்று, நீதிமன்றத் தீர்ப்பாயிற்று. யார் யாரோ படித்தார்கள், யார் யாரோ உயர்ந்தார்கள். ஆக்கியவன் வீட்டுக்கு வந்தது இந்த ஒரே புத்தகம். அதுவும் கண்ணுக்கு வரவில்லை, கட்டில் காலுக்குப் போயிற்று! நாலாம் வகுப்போடு நின்ற படிப்பு. எழுத்துக் கூட்டத் தெரியும். ஆனால் பத்தொன்பது ஆண்டில் ஒருவரும் "படி" என்று சொன்னதில்லை. "போடு" என்றார்கள், "நிறுத்து" என்றார்கள். அவ்வளவே.

தூக்கம் போனது, கூட வேலை பார்த்த நெட்டை இறந்த நாளிலிருந்து. ஆறடிக்கு மேல் வளர்ந்து, நுழைகிற வாசலிலெல்லாம் குனிந்து, "உசரமாப் பொறந்த பாவம், கதவுக்கெல்லாம் கும்பிடு போடுறேன் மாப்ளே" என்று சிரிக்கிற மனிதன். உருளைகளுக்கு நடுவே சுற்றிக்கொண்ட கிழிந்த தாளை உருவப் போனவன், உருளையோடு போனான். அன்று முதல் பட்டன்காரர் கண்ணை மூடினால் வலக்கைச் சுட்டுவிரல் தானாக ஒரு முறை அழுந்தும். விழித்துக்கொள்வார். மூடுவார். அழுந்தும். சன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினாள் மனைவி. சட்டைக்கு ஓரம் அடிக்கும் தன் தையல் இயந்திரத்தை அவர் படுக்கும் வேளையில் நிறுத்திவிட்டு, கையாலேயே தைத்தாள். இருட்டு வந்தது, அமைதி வந்தது. தூக்கம் வரவில்லை.

ஆலை மருத்துவர் மாத்திரை எழுத மறுத்துவிட்டார். "படுக்கையில ஃபோனைத் தொடாதீங்க. ஏதாவது புத்தகம் படிங்க. சுவாரசியமே இல்லாததா இருந்தா ரொம்ப நல்லது. வீட்டுல புத்தகம் இருக்கா?"

"ஒண்ணு இருக்கு சார். கட்டில்கிட்டயே இருக்கு."

"நல்ல பழக்கம்."

"காலுக்கு முட்டுக் குடுத்திருக்கோம் சார்."

மருத்துவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதையே எடுத்துப் படிங்க" என்றார்.

படித்தார். அட்டையிலிருந்து தொடங்கினார். கட்டில் கால் பத்தொன்பது ஆண்டுகள் அழுத்திய வட்டத் தடம் பக்கத்துக்குப் பக்கம் பள்ளமாக இறங்கியிருந்தது. விரலை வரிக்கு அடியில் வைத்து, "பணி... யாளர்... அனை... வரும்" என்று எழுத்தெழுத்தாகக் கூட்டினார். மனைவி தரையில் அமர்ந்து ஊசியோட்டினாள். "வாய்விட்டுப் படிங்க, எனக்கும் பொழுது போகும்" என்றாள். காலணி அணியும் விதி, தலைப்பாகை அணியாத விதி, கழிவறை விதி. மூன்றாம் வரியில் நாக்கு குழறும்; ஐந்தாம் வரியில் புத்தகம் மார்பில் கவிழும். அதிசயம்! வரியைத் தேடி நகர்கிற விரலுக்கு அழுத்துவதற்கு நேரமில்லை போலும். பதினொரு நாள் பகலெல்லாம் உறங்கினார். கன்னத்தில் சதை ஏறியது. பக்கத்து வீட்டாரிடம் மனைவி, "எங்க வீட்டுக்காரரு இப்போ பெரிய படிப்பாளி. படிச்சுப் படிச்சுத் தூங்கிடுறாரு" என்று சொல்லிக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் நாற்பத்தொன்றாம் விதி வந்தது.

"உருளைகளுக்கு... இடையே நுழையும் பணியாளர்... நுழையுமுன் மின்விசையைப் பூட்டி... அதன் சாவியைத் தம் சட்டைப்பையிலேயே... வைத்திருத்தல் வேண்டும். அவர் வெளியே வந்து... தம் கையால் பூட்டைத் திறக்கும்வரை... எவரும்... எவர் ஆணையிட்டாலும்... இயந்திரத்தை இயக்கலாகாது."

நாக்கு குழறவில்லை. புத்தகம் கவிழவில்லை. அதே வரியை இரண்டாம் முறை படித்தார். மூன்றாம் முறை கூட்டாமலே படித்தார்.

ஊசியின் நடை நின்றது. "அப்போ அன்னைக்குச் சாவி யாருகிட்ட இருந்துச்சு?" என்று கேட்டாள் மனைவி.

எளிய கேள்வி. விசாரணைக்கு வந்த அதிகாரி கேட்காத கேள்வி. சங்கத்துக்காரர் கேட்காத கேள்வி. மாலையோடு வந்து நின்ற மேலாளர்கள் கேட்காத கேள்வி! சாவி யாரிடமும் இல்லை. மேற்பார்வையாளரின் நாற்காலிக்குப் பின்னால், சுவரிலடித்த கொக்கியில், எல்லாச் சாவியும் ஒரே வளையத்தில் தொங்கின. பூட்டப் போக இரண்டு நிமிடம், திறக்க வர இரண்டு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தில் எத்தனை சுருள் தாள் போகும் என்று கணக்குப் பார்த்தவர்கள், எத்தனை உயிர் போகும் என்று பார்க்கவில்லை. அப்படி ஒரு விதி இருப்பதே பட்டன்காரருக்குத் தெரியாது. தெரியாது என்பதா, தம் தலைமாட்டிலேயே, கட்டில் காலடியிலேயே கிடந்ததை அறியாதிருந்தார் என்பதா?

"ஏங்க, நெட்டை அண்ணன் ஓடுற மிஷின்லதானே கையை விட்டாரு? நீங்க அப்படித்தானே சொன்னீங்க?"

கறுப்புத் துணியின் ஓட்டை வழியே வந்த ஒரு காசளவு வெயில் சுவரில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஓடலை. நின்னுச்சு. 'மாப்ளே, உள்ளே போறேன், பாத்துக்கோ'ன்னு சொல்லிட்டுத்தான் போனான். மேடையிலேருந்து பார்த்தா உள்ளே தெரியாது, ஒரே ஆவி. சூப்பர்வைசர் கையைத் தூக்கி 'போடு'ன்னாரு. வெளியே வந்துட்டான்னு நெனச்சேன்." வலக்கையை இடக்கையால் மூடிக்கொண்டார். "நான்தான் அழுத்தினேன்."

தைத்துக்கொண்டிருந்த சட்டையை அவள் மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அழவில்லை, ஏசவில்லை. "நெட்டை அண்ணன் பொண்டாட்டி ரெண்டு தடவை வந்துட்டுப் போனா" என்றாள். "உங்களைப் பாக்கணும்னா. நைட் ஷிப்டு, இப்பத்தான் நல்லாத் தூங்குறாருன்னு சொல்லி அனுப்பிட்டேன். 'தூங்கட்டும் அக்கா, பாவம்'னு சொல்லிட்டுப் போனா."

அன்று பகல் அவர் உறங்கவில்லை. உறங்க வைத்த புத்தகமே உலுக்கி எழுப்பிவிட்ட பிறகு எங்கே உறங்குவது?

விபத்து நடந்த மூன்றாம் நாள் மேற்பார்வையாளர் ஒரு தாளை நீட்டியிருந்தார். "நான் எச்சரித்தும் கேளாமல், ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தில், தம் அவசரத்தினால் நுழைந்தார் என்று எழுதியிருக்கு, போடுய்யா, உன்னைக் காப்பாத்தத்தான்" என்று அவர் சொல்லச் சொல்லக் கையெழுத்திட்டார் பட்டன்காரர். தாளைப் படிக்கவில்லை. படிக்காமலிருப்பதே பாதுகாப்பு என்று அந்த நேரத்தில் தோன்றியது. பொய்யை எழுதியவனுக்குப் பேனா வேண்டும். பொய்யைத் தாங்குகிறவனுக்குக் குனிந்த தலை போதும். அந்தத் தாளின் பேரில்தான், குற்றம் நெட்டையுடையது என்றும், ஆலை அவன் குடும்பத்துக்குக் கடமைப்பட்டதன்று என்றும் முடிவு செய்யவிருந்தார்கள். இறுதி விசாரணை மறுவாரம்.

அன்றிரவு பணிக்குப் போனதும் நேரே மேற்பார்வையாளரின் அறைக்குச் சென்றார். கொக்கியில் சாவிகள் தொங்கின. எண்ணெய் பூசிப் புதிதாய்ப் பளபளத்தன. ஆனால் இடம் மாறவில்லை.

"சார், நாப்பத்தொண்ணாம் விதி..."

மேற்பார்வையாளர் தேநீர்க் குவளையை வைத்தார். ஐம்பது வயது, உள்ளங்கையில் பழைய தழும்பு. அவரும் ஒரு காலத்தில் மேடையில் நின்றவர்தாம். "அந்தப் புஸ்தகத்தை உன்னை யாருய்யா படிக்கச் சொன்னது?"

"டாக்டர் சார். தூக்கம் வர."

"வந்துச்சா?"

"வந்துச்சு. போயிடுச்சு."

மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. எழுந்து கதவைச் சாத்தினார். "கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சியா? போய்ப் படி. 'படித்தேன், புரிந்துகொண்டேன்'னு ஒரு வரி இருக்கும். அதுக்குக் கீழே உன் கையெழுத்து இருக்கும். அதோட நகல் ஆபீஸ்ல இருக்கு. இப்போ சொல்லு, விதி தெரியாம அழுத்தினவனா நீ? தெரிஞ்சே அழுத்தினவன். கையைத் தூக்கினது நான்னு நீ சொல்லுவ. தூக்கலைன்னு நான் சொல்லுவேன். விரல் யாருதுன்னு கேட்டா என்ன சொல்லுவ? எனக்கும் புள்ளைங்க இருக்கு, உனக்கும் குடும்பம் இருக்கு. செத்தவன் செத்துட்டான். போ. மிஷின் காத்துக்கிட்டு இருக்கு."

காலையில் வீடு வந்ததும் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். இருந்தது. இருபத்துநான்கு வயதுக்காரன் ஒருவன், வேலை கிடைத்த மகிழ்ச்சியில், பெயரின் கடைசி எழுத்துக்கு ஒரு சுழியும் சேர்த்து, அழகாகக் கையெழுத்திட்டிருந்தான். அந்த வரியை அன்று அவனுக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. வரிசையில் அறுபது பேர் நின்றார்கள். "இங்கே போடு, அடுத்து" என்றார்கள். நெட்டையும் அதே வரிசையில், இரண்டு ஆள் தள்ளி நின்று, மேசை தாழ்வாக இருந்ததால் குனிந்து போட்டான். என்ன தந்திரம்! எழுத்துக் கூட்டத் திணறுகிறவனிடம் கொடுப்பது புத்தகம். அவனிடமிருந்து வாங்கிக்கொள்வது படித்தேன் என்ற சான்று. எழுத்து விளக்கு என்பார்கள். விளக்கைத் துணிபோட்டு மூடிக் கொடுத்துவிட்டு, இருட்டில் விழுந்தவனை "உன் கையில் விளக்கு இருந்ததே" என்று கேட்கிறது ஓர் ஏற்பாடு.

ஆனாலும் அன்று பகலெல்லாம் அவரை அறுத்தது அந்த ஏற்பாடு அன்று. 'எவர் ஆணையிட்டாலும்' என்ற இரண்டு சொற்கள்தாம். அவை மேற்பார்வையாளருக்கு எழுதப்பட்டவை அல்ல. பட்டனுக்கு முன்னால் நிற்கிற அவருக்கே எழுதப்பட்டவை.

அதன்பின் வந்த நாள்களிலும் மனைவி தவறாமல் புத்தகத்தை உருவித் தந்தாள். அவர் வேறு பக்கம் திருப்பவில்லை. அதே விதியை முணுமுணுத்தபடி கூரையைப் பார்த்துக் கிடந்தார். கட்டில் கால் பதித்த வட்டம் அந்தப் பக்கத்திலும் இருந்தது, நகத்தால் தடவினால் மட்டும் தெரிகிற மெல்லிய பள்ளமாக.

"நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க?" விசாரணைக்கு முந்தைய நாள் காலையில் கேட்டாள்.

"உண்மையைச் சொன்னா என்னைக் கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்க."

"தெரியும்."

"உனக்குத் தையல் மிஷின் தவணையே இன்னும் முடியலை."

"என் மிஷினைப் பத்தி நான் கேக்கலை." ஊசியில் நூல் கோத்தாள், முதல் முறை தவறியது, இரண்டாம் முறையும் தவறியது. "நீங்க உள்ளே போயிட்டா நான் தனியாத் தூங்கணும். போகலைன்னா ஒரு தூங்காத ஆளு பக்கத்துல தூங்கணும். எது கஷ்டம்னு எனக்கே தெரியலை. நீங்களே சொல்லுங்க."

அவர் புத்தகத்தை விரித்து மார்பில் வைத்துக்கொண்டார்.

கதவு தட்டப்பட்டது. இரண்டு தட்டு, மெதுவாக, தட்டுவதற்கே மன்னிப்புக் கேட்பதுபோல.

மனைவி எழுந்து போனாள். இந்த அறைக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு திரைதான். நெட்டையின் மனைவி குரலைத் தாழ்த்திப் பேசினாள். தாழ்த்தப்பட்ட குரல்தான் வீட்டில் தெளிவாகக் கேட்கும்.

"மறுபடியும் வந்துட்டேன்க்கா, கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு ஆபீஸ்ல கூப்பிட்டிருக்காங்க. அவசரப்பட்டுச் செத்தாருன்னு எழுதியிருக்காம். அவரு செருப்புக்கூட அவசரமாப் போடமாட்டாருக்கா. கடைசியா பக்கத்துல இருந்தது அண்ணன்தான். உள்ளே போறப்ப என்ன சொன்னாருன்னு மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுப் போயிடுறேன். அண்ணன் முழிச்சிருக்காரா?"

இரண்டு முறை நொடியில் சொல்லிவிட்ட அந்த ஒரு சொல், 'தூங்குறாரு' என்பது, இம்முறை மனைவி வாயில் வரவில்லை. 'முழிச்சிருக்காரு' என்பதும் வரவில்லை. தெருவில் யாரோ மிதிவண்டி மணியை அடித்துக்கொண்டு போனார்கள்.

பட்டன்காரர் மூச்சை அடக்கிக் கிடந்தார். அசையாமல் கிடந்தால் போதும். இன்னும் சிறிது நேரம், ஒரு நிமிடம். "சரிக்கா, தூங்கட்டும்" என்று அவள் போய்விடுவாள், போகிற பழக்கமுடையவள். வலக்கைச் சுட்டுவிரல் புத்தகத்தின் மேல், வட்டப் பள்ளத்தின் விளிம்பில் இருந்தது. அது அழுந்தவில்லை.

அவர் காலைத் தரையில் வைத்து எழுந்தார்.

முட்டில்லாத கட்டில் மறுபக்கம் சாய்ந்து, வீடு முழுக்கக் கேட்கும்படி, 'டக்' என்று தரையை இடித்தது. திரைக்கு அப்பால், வாசல் வெளிச்சத்தில், இரண்டு நிழல்களும் ஒருசேரத் தலை திருப்பின.