மீனில்லாத மீன்குழம்பு

மீன் பிடிக்கப் போகிறவர்கள் தூண்டிலோடு போவார்கள். குணசேகரம் குழம்போடு போனார்.

பிரெஞ்சுத் தலைநகரில், லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற மனிதருக்கு மீன் என்றால் குழம்புதானே. மகள் வசந்தரூபியைக் கட்ட விரும்பும் எரிக்கின் தகப்பன் றொஜர் தூரத்து ஜுரா மலையில் இருக்கிறவர். மார்கழிக் குளிரில் மீன் பிடிக்க வாருங்கள் என்று அவர் அழைத்ததும், மனைவி தவநாயகி புளியும் வறுத்த தூளும் கூட்டிக் குழம்பு வைத்துப் போத்தலில் ஊற்றிவிட்டாள்.

"மீனைப் போட்டு ஒரு கொதி விட்டால் காணும். முதன்முதல் சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோட போகேலாது."

"ஆர் சம்பந்தி? நான் இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லை."

அதுதான் சங்கதி. எரிக் நல்ல பெடியன்தான். ஆனால் கல்யாணம் முடிந்தால் மகள் அந்த மலைக்கே போய்விடுவாள். லா சப்பலில் தும்மினால் பக்கத்து ஊர் சார்செலில் இருந்து சுகம் விசாரித்து ஃபோன் வரும். அங்கே, கண்காணாத இடத்தில், பிள்ளை அழுதால் யார் அறிவார்? வேண்டாம் என்று நேரில் சொல்லிவிட்டு வருவதற்காகவே அவர் ரயில் ஏறினார்.

விடியவே ஆற்றுக்குப் போக நின்றவரை றொஜர் மத்தியானம் வரை வீட்டில் இருத்திவிட்டார். குளிர்காலத்தில் வெயில் படும் கொஞ்ச நேரம்தான் மீன் வாய் திறக்குமாம். அதுவும் மேலே வராது. ஓட்டம் குறைந்த ஆழமான மடுவில் படுத்திருக்கும். கொக்கியில் இறகும் நூலும் சுற்றிச் செய்த அரிசிமணியளவு பொய் ஈ அதன் மூக்கடியில் போக வேண்டும். அங்கே வந்திருந்த மகளையும் எரிக்கையும் வீட்டில் விட்டுவிட்டு, பனி மூடிய கரையில் றொஜர் தூண்டில் தடியைக் குணசேகரத்திடம் கொடுத்தார். தடியின் வளையங்களில் ஐஸ் கட்டக் கட்ட வாயால் ஊதி உருக்கியும் விட்டார்.

"இந்தக் கோதாரிக் குளிருக்கு மீனென்ன, முதலையும் வராது" என்று குணசேகரம் தமிழில் முணுமுணுத்த நேரம் நூல் இழுபட்டது.

வந்தது ஓம்ப்ர் என்கிற மீன், முதுகில் பெரிய செட்டையோடு வெள்ளியாய் மின்னியது. குணசேகரத்தின் வயது எங்கே போனதோ, கம்பளிக் கையுறையோடு பாய்ந்தார்.

"நோன்!" என்று றொஜர் மறித்துக் கத்தினார்.

குணசேகரத்துக்குச் சுள்ளென்று ஏறியது. நான் பிடித்த மீன், அதட்ட இவர் யார்? கல்யாணம் வேண்டாம் என்று அந்த இடத்திலேயே சொல்ல வாயைத் திறந்தார்.

றொஜரோ தன் கையுறையைக் கழற்றி, வெறுங்கையை அந்தத் தண்ணீரில் முக்கினார். மீனைத் தண்ணீருக்குள்ளேயே தாங்கி, கொக்கியை மெல்லக் கழற்றி, ஓட்டத்துக்கு எதிரே முகம் வைத்துப் பிடித்திருந்தார். கை சிவந்து விறைத்தது. மீன் தானாக வாலை அடித்துப் போனபிறகுதான் எடுத்தார். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டுமாம். இந்த மனிதர் ஒரு வேளைச் சாப்பாட்டை அப்படியே ஆற்றில் போட்டுவிட்டார்.

"மன்னியுங்கள், கத்திவிட்டேன்" என்றார் பிரெஞ்சில். "உலர்ந்த கையுறை பட்டால் அதன் மேல் வழுவழுப்புப் போய்விடும். பிறகு எங்கேயாவது போய்ச் செத்துப்போகும்."

"எங்கேயோ செத்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கடையில் பழகிய பிரெஞ்சில் குணசேகரம் கேட்டார்.

"தெரியாதுதான். தெரியாவிட்டாலும் சாகத்தானே போகிறது?"

குணசேகரம் அந்தச் சிவந்த கையைப் பார்த்தார். கண்காணாத இடத்தில் ஒரு மீன் சாகக்கூடாது என்று கையை விறைக்க விடுகிற மனிதர். மகளை நினைத்து இத்தனை நாள் கிடந்த பயம் அங்கேயே இறங்கிவிட்டது. கண் கலங்கியதற்குக் குளிரைச் சாட்டிக்கொண்டார்.

கோப்பிக்கென்று றொஜர் கொண்டுவந்த சிறு அடுப்பில் குழம்பைச் சூடாக்கி, இருவரும் பாணைத் தோய்த்துச் சாப்பிட்டார்கள். றொஜருக்கு மூக்காலும் கண்ணாலும் ஓடியது. ஆனாலும் இன்னும் கொஞ்சம் கேட்டார்.

அந்த நேரம் பார்த்துத் தவநாயகி ஃபோனில் வந்தாள். "மீன் பிடிச்சியளோ?"

"ஓம், பிடிச்சு விட்டிட்டம்."

"விட்டிட்டியளோ? உங்களுக்கென்ன விசரே? அப்ப என்ரை குழம்பு?"

"அதைச் சம்பந்தி வழிச்சுத் துடைக்கிறார்."

கடைச் சத்தத்தைத் தாண்டி அவள் குரல் உயர்ந்தது.

"ஆரெண்டு சொன்னனீங்கள்?"

"சம்பந்தி எண்டனான்" என்றார் குணசேகரம். "நல்ல நாள் ஒண்டு பாரும்."