பத்தொன்பது உதிரிபாகங்கள்

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யலாம். அதற்குத் தேவையான கணினியைக் கட்டிக்கொள்ளத்தான் கூடாது. ஆய்வுக் குழுக்கள் தாமாகச் சர்வர் கட்டுவதற்குத் தடை. விதியை எழுதிய புண்ணியவான் பூமிநாதன், கணினி மையத்தின் துணை இயக்குநர். அவர் அனுமதித்த பட்டியலில் இருந்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் விடுப்புக் கடிதம் அடிக்கத்தான் லாயக்கு.

நான் மண்டபம் கடல் நிலையத்தில் டெக்னீஷியன். ஏர்வாடிப் பெண் ஹுமைரா அங்கே ஆவுளியாவைப் பற்றி, அதாவது கடல்பசுவைப் பற்றி, ஆராய்கிறாள். இரண்டு வருடம் தண்ணீருக்குள் மைக் இறக்கிச் சத்தத்தைப் பதிவு செய்திருந்தாள். அதில் விசைப்படகு இரைச்சலைக் கழித்துவிட்டு ஆவுளியாவின் குரலைப் பிரித்தெடுக்க வேண்டும். சாதாரணக் கம்ப்யூட்டருக்கு அது ஆகாத காரியம். கேட்டபோது பூமிநாதனே போனில் வழி சொன்னார்: "உதிரிபாகம்னு போட்டு வாங்கிக்கங்க. அதுக்கு விதி கெடையாது."

பத்தொன்பது பாகங்கள் வாங்கி, நானும் அவளும் உட்கார்ந்து பூட்டினோம். பதிவேட்டில் சர்வர் என்று ஒன்று பிறக்கவே இல்லை.

கடைசிக் கணக்கீடு முப்பத்தெட்டு நாளாக ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை ஆய்வேடு கொடுக்க வேண்டும். நீட்டிப்பெல்லாம் வாங்கித் தீர்ந்துவிட்டது. புதன்கிழமை காலை வருடாந்திர இருப்புச் சரிபார்ப்புக்கென்று வந்து இறங்கினார், அதே பூமிநாதன்.

"பத்தொன்பது ஐட்டத்தையும் காட்டுங்க."

"எல்லாம் இதுக்குள்ளதான் சார் இருக்கு" என்று ஹுமைரா சர்வரைக் காட்டினாள். "ஓடிக்கிட்டு இருக்கு. நாளைக்குச் சாயங்காலம் முடிஞ்சிரும். பாதியில நிறுத்துனா மொதல்ல இருந்து ஓட்டணும்."

அவர் பதிவேட்டைப் புரட்டினார். "இங்கன உதிரிபாகம்னுதானம்மா இருக்கு. உதிரிபாகம் எப்படி ஓடும்?"

"நீங்கதான சார் போன்ல அப்படி வாங்கச் சொன்னீங்க" என்றேன்.

"போன்ல ஆயிரம் பேசுவோம். காட்டலைன்னா காணோம்னு எழுதிருவேன். அப்புறம் இந்தப் பொண்ணுக்குப் பாக்கியில்லாச் சான்று கெடைக்காது."

அந்தச் சான்று இல்லாமல் ஆய்வேட்டை வாங்க மாட்டார்கள். இதுவும் அந்த மனுஷன் எழுதிய விதிதான். முன்னாலும் பூட்டு, பின்னாலும் பூட்டு. சாவி அவர் சட்டைப்பையில். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பதிவேட்டைத் தூக்கிக் கடலில் எறிந்திருப்பேன்.

ஹுமைரா இழுப்பறையிலிருந்து திருப்புளியை எடுத்து என்னிடம் நீட்டினாள். "கழட்டிருவோம்ணே" என்றாள்.

அணைத்தேன். விசிறிகள் நின்றதும் அறையில் ஏசி சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொன்றாகக் கழற்றி மேசையில் பரப்பினோம். பூமிநாதன் கல்யாண வீட்டில் சீர்வரிசை பார்ப்பவரைப்போல எண்ணி, ஒவ்வொன்றிலும் நம்பர் ஒட்டினார். பத்தொன்பதும் சரியாக இருந்ததில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம்.

குறிப்பில் எழுதினார்: "அனைத்தும் நல்ல நிலையில் உள்ளன. வாங்கியதிலிருந்து பயன்படுத்தப்படவில்லை. தலைமைக் கிடங்குக்கு மாற்றலாம்."

ஹுமைரா படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே அக்கறையாக விசாரித்தார்.

"நீ என்னம்மா ஆராய்ச்சி பண்ற?"

"ஆவுளியா போடுற சத்தம் சார்."

"அது சத்தமெல்லாம் போடுமா? நீ கேட்டிருக்கியா?"

"நாளைக்குக் கேட்டிருப்பேன் சார்."