க்ளாக்கைக் குறைக்கவா மச்சான்?

அப்துல் அஜீஸ் சிபியு பெட்டியை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு சித்திரை வெயிலில் வருவதைச் சன்னல் வழியாகப் பார்த்ததுமே யூசுப் சன்னலை விட்டு நகர்ந்துகொண்டான். துபாயிலிருந்து விடுப்பில் வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அஜீஸ் அவன் மனைவி ஃபஹ்மிதாவின் அண்ணன், நீடாமங்கலம் கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருப்பவர். அந்தப் பெட்டியைப் போன வருடம் துபாயில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கி அனுப்பியதே யூசுப்தான். 'சூப்பர் ஸ்பீடு' என்று கடைக்காரன் சொன்னான், இவனும் நம்பினான்.

"மாப்புள்ள, கல்யாண வீடியோவப் போட்டா பத்து நிமிசத்துல அப்படியே நின்னுடுது. கரண்ட்டுதான் கோளாறுன்னு யுபிஎஸ்கூட வாங்கிட்டேன். நாளைக்கு சிடி குடுத்தாகணும். நீங்க கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கிறவரு, உங்களுக்கு இதெல்லாம் சுண்டைக்காய்."

கம்ப்யூட்டர் கம்பெனி என்பதில் பொய் இல்லை. அதன் கிடங்கில் அட்டைப்பெட்டி தூக்குகிறான் என்பதை மட்டும்தான் ஆறு வருடமாக ஒருவரிடமும் சொல்லவில்லை. பெண் பேசும்போதே 'கம்ப்யூட்டர் மாப்பிள்ளை' என்று ஊரெல்லாம் பேராகிவிட்டது. அதற்கப்புறம் எந்த வாயால் சொல்வது? இன்றைக்கு மானம் கப்பலேறப் போகிறது.

ஃபஹ்மிதா ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள். அவள் ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனது அவனுக்குத் தெரியும். டைப் அடிக்கக் கற்றிருப்பாள் என்று நினைத்திருந்தான். அவளோ பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, வீட்டிலிருந்த தன் கம்ப்யூட்டரின் மானிட்டர் வயரை அதில் மாட்டி, சுவிட்சைப் போட்ட கையோடு டெலீட் பொத்தானைத் தட்டினாள். விண்டோஸ் வரவில்லை. பெட்டியின் உள் அமைப்புகளைக் காட்டும் நீலத்திரை ஒன்று வந்தது, வரிவரியாக எண்கள். யூசுப் அப்படியொரு திரையைப் பார்த்ததே இல்லை.

"துபாய்ல அந்தக் கடையில ஏசி இருந்துச்சா மச்சான்?" என்று கேட்டாள்.

"பதினெட்டுல வச்சிருப்பான்." அன்றைக்கு அவன் உள்ளபடியே அறிந்து சொன்ன பதில் அது ஒன்றுதான்.

"அதான். இதோட க்ளாக்கு வேகம் நூத்தி முப்பத்தி மூணுதான், எவனோ நூத்தம்பதுல விரட்டியிருக்கான். அதுக்காக வோல்டேஜயும் ஏத்தியிருக்கான். ஏசியில ஓடும், நம்மூரு சூட்டுக்குத் தாங்குமா? க்ளாக்கைக் குறைக்கவா மச்சான்?"

"குறை."

"மெமரியையும் அதுக்குத் தக்கன வச்சிடலாம்ல?"

"வச்சிடு."

"வோல்டேஜ ஆட்டோவுல விட்டுறலாம், இல்லையா?"

"விட்டுடு." குரலில் இப்போது கொஞ்சம் அதிகாரமே ஏறியிருந்தது.

கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கொடுக்கிறாள் என்பது அவனுக்கு மூன்றாவது கேள்வியில்தான் உறைத்தது. அடி ஆத்தீ, எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரி என்று மலைத்துப்போனான். தன் வீட்டில் இப்படி ஒருத்தி இருப்பது தெரியாமலே ஆறு வருடம் ஓடியிருக்கிறது.

கல்யாண வீடியோ அரைமணி நேரம் நிற்காமல் ஓடியது. அஜீஸ் இரண்டு டீ குடித்தார்.

"கம்பெனிக்காரர்னா கம்பெனிக்காரர்தான்" என்று யூசுப்பின் தோளைத் தட்டிவிட்டுப் பெட்டியோடு படியிறங்கினார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை யூசுப் சன்னலில் நின்று பார்த்தான். பிறகு, "ஃபஹ்மி, நான் அங்க..." என்று ஆரம்பித்தான்.

"தெரியும் மச்சான். ரெண்டு வருசம் முன்னாடி கம்ப்யூட்டர்கிட்ட உக்காந்து போட்டோ எடுத்து அனுப்புனீங்களே, அதுல இடுப்புல சுமை தூக்குற பெல்ட்டு. அவுக்க மறந்துட்டீங்க." அவள் சிரிக்கவில்லை. "இடுப்பு இப்ப எப்படி இருக்கு?"

அவன் கை தானாக இடுப்புக்குப் போனது. "அந்த நீலத்திரைய எனக்கும் காட்டு" என்றான்.

அவள் நாற்காலியை அவனுக்கு விட்டுவிட்டுத் தன்னுடைய கம்ப்யூட்டரைப் போட்டாள். "டெலீட்ட அமுக்குங்க. ரெண்டு செகண்டுதான் டயம்."

பெட்டி தூக்கிக் காய்த்துப்போன விரல் பொத்தானைத் தேடுவதற்குள் விண்டோஸ் வந்துவிட்டது. அவள் மறுபடி அணைத்தாள். திரை கறுத்ததும் அவன் அந்தப் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு, அவள் சுவிட்சைப் போடக் காத்திருந்தான்.