தட்டாமல் திறந்த பெட்டி

பாரிக்குச் சிலந்தி என்றால் உயிர் போய்விடும். சுவரோரம் நூலாம்படையில் தொங்கும் பொடிச் சிலந்தி போதும், தொண்டை அடைத்துக்கொள்ளும், கால் நகராது. காரணம் அவனுக்கே தெரியாது. கொருக்குப்பேட்டையில் ரயில்வே லைன் ஓரம் எலியோடும் கரப்பானோடும் படுத்து வளர்ந்தவன்தான். இது மட்டும் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது.

வேலை கிடைத்ததும் தப்பான இடத்தில். மணலி சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டு. அங்கே கண்டெய்னருக்குப் பெட்டி என்று பெயர். கப்பலில் வந்த தேக்குத் தடிகளைப் பெட்டிக்குள் போய் வயர் ரோப்பால் கட்டி, ஃபோர்க்லிஃப்டால் வெளியே இழுப்பது கோதண்டம் மேஸ்திரியின் கேங்குக்கு வேலை. சீல் வெட்டியதும் முதலில் உள்ளே நுழைகிறவன் முதல் ஆள். அது முறை போட்டு வரும். பாரியின் முறை வரும்போதெல்லாம் பீம்ராவ் நுழைவான். வியாசர்பாடிக்காரன், பாரியைக் கேங்கில் சேர்த்துவிட்டவன். தன் முறையும் பாரியின் முறையும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு ஏறிவிடுவான்.

அப்படியும் பாரி இரண்டாம் ஆளாக உள்ளே போக மாட்டான். அதற்காகத் தொடங்கியதுதான் பெட்டி தட்டுவது. கதவைத் திறந்து போட்டுவிட்டு, இரண்டு பேர் கடப்பாரையால் பக்கத் தகரத்தை டமடமவென்று அடிப்பார்கள். உள்ளே இருக்கும் கரப்பான், பல்லி, பூச்சி எல்லாம் வெளியே ஓடிவரும். பாரிக்கு மேளம் அடிக்கிறோம் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே அடிப்பார்கள். சில பெட்டியில் ஒன்றுமே ஓடி வராது. பூச்சி மருந்துப் புகை போட்ட பெட்டி, காற்றாடட்டும் என்று கோதண்டம் கதவை மதியம் வரை திறந்து போட்டுவிடுவான். யாரும் இதைப் பெரிய விஷயமாகப் பேசியதில்லை. தட்டுவது பாரிக்காக என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

தடிகளின் முதலாளி ராமசுப்பு. தெற்கத்திக்காரர், திருவொற்றியூரில் மரக்கடை. ஒரு நாள் அவர் தானே வந்து நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

"தட்டுறதும் டீ குடிக்கிறதுமா பொழுதப் போக்குதிய. யாருக்குவே இந்தக் கூத்து?"

கோதண்டம் பாரியைக் காட்டினான். ராமசுப்பு பாரியின் மீசையைப் பார்த்தார், பிறகு தோளைப் பார்த்தார், காருக்குப் போனார். அது போதுமாக இருந்தது. மழைக்காலத்துக்குள் பாரி முதல் ஆளாக உள்ளே போக வேண்டும், இல்லையென்றால் வீட்டில் குந்திப் பூ கட்டலாம் என்று கோதண்டம் சொல்லிவிட்டான். ஒரு மேஸ்திரி கழற்றிவிட்டவனை வேறு எந்த யார்டும் சேர்க்காது. பாரிக்கு அது தெரியும்.

அடுத்த வாரம் ஒரு பெட்டியைத் தட்டியபோது அது வந்தது. உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் பழுப்பு மயிர். அவசரமே இல்லாமல் தடியின் மேல் நடந்து வந்து வெயிலில் நின்றது. பாரி சாலைக்கு ஓடினான். டிரெய்லர் லாரி ஒன்று பிரேக் போட்டு அவன் முழங்காலை உரசி நின்றது. கேங் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கோதண்டம் பக்கெட்டைக் கவிழ்த்து அதைப் பிடித்து, ஊறுகாய் ஜாடியில் போட்டு, மூடியில் ஆணியால் ஓட்டை குத்தினான். பீம்ராவ் போனில் தேடிப் படித்தான். டரண்டுலாவாம். கடித்தால் தேனீ கொட்டினாற்போல வலிக்கும், அவ்வளவுதானாம்.

"மாமு, இது சாவடிக்காது. மூஞ்சிதான் கலீஜா கீது, உன் மாமியா மாரி."

அன்றிலிருந்து அதற்குப் பெயர் மாமியா.

பாரியின் பயத்துக்கு வைத்தியத்தைக் கோதண்டம் நடத்தினான். முதலில் ஜாடி ஷெட்டின் ஒரு மூலையில், பாரி மறு மூலையில். ஜாடியைப் பார்த்தபடியேதான் சோறு தின்ன வேண்டும், திரும்பினால் தட்டைப் பிடுங்குவார்கள். தினமும் ஜாடி கொஞ்சம் கிட்டே வந்தது. பாரி தின்றதைக் கக்கினான், மறுநாளும் அதே இடத்தில் உட்காரவைத்தார்கள். பிறகு ஜாடியை மடியில் வைத்தார்கள். ஒரு தடவை இருவர் கையைப் பிடித்துக்கொள்ள, மூடியைத் திறந்து தொடையில் விட்டார்கள். பாரி கால்சட்டையை நனைத்தான். அந்த வாரம் முழுக்க அவனைக் குழாய் என்று கூப்பிட்டார்கள். பீம்ராவும் சிரித்தான். ஆனால் சாயங்காலம் அவன்தான் ஒரு துடைப்பக் குச்சியைக் கொடுத்து, யாரும் இல்லாதபோது தொட்டுப் பார்க்கச் சொன்னான்.

குச்சியால் தொட்டான். பிறகு விரலால். மயிர் பழைய துணிபோல மெத்தென்றிருந்தது. அது ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து அவன் மணிக்கட்டில் ஏறி, அங்கேயே அசையாமல் உட்கார்ந்துகொண்டது. பாரி மூச்சுவிட்டான். தொண்டை அடைக்கவில்லை. மழைக்கு முன்பே அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு டீக்கடைக்குப் போகிற அளவுக்கு ஆகிவிட்டான். கரப்பான் பிடித்துப் போட்டு அது தின்பதைப் பார்ப்பான். குழாய் என்று கூப்பிடுவது நின்றது.

பாரியின் முறை வந்த நாளில் ராமசுப்புவின் லாரிகள் வரிசையில் நின்றன. கோதண்டம் சீலை வெட்டினான். யாரோ பழக்கத்தில் கடப்பாரையை எடுத்தார்கள்.

"அத்த கீழ போடு," என்றான் பாரி. "இனிமே எனக்கு மேளம் வாணாம்."

கேங் விசிலடித்தது. பாரி உள்ளே ஏறினான். பூண்டு அழுகினாற்போல ஒரு வாடை. ரோப்போடு பீம்ராவ் பின்னால் ஏறி, அவனைத் தாண்டி உள்கோடி வரை போனான். முன் தடியின் மேல் பாரி பார்த்தான், சிலந்திகள். மாமியா அளவில்லை, ஆனாலும் பெரியவை. கால்களை உள்ளே மடக்கி அங்கங்கே கிடந்தன. அவன் நெஞ்சு சும்மா இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கேங்குக்குக் காட்ட வெளியே குதித்தான்.

கோதண்டம் அதைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"செத்துக் கீதே," என்றான்.

அதற்குள் பீம்ராவ் உள்ளே விழுந்திருந்தான். வாயைத் துணியால் கட்டிக்கொண்டு போய்க் கொக்கி போட்டுத்தான் இழுத்தார்கள். பாரிக்குத் தலை வலித்தது, இரண்டு தடவை கக்கினான், அவ்வளவுதான். பீம்ராவ் ஆஸ்பத்திரி வாசலிலேயே போய்விட்டான்.

மறுநாள் காலை கோதண்டம் பாரியை ஷெட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனான். மருந்து என்று வெளியே வந்தால் யார்டுக்குப் பூட்டு விழும், அத்தனை பேரும் தெருவில் நிற்க வேண்டியதுதான் என்றான். பீம்ராவின் கையில் மரச்சிலாம்பு குத்திய புள்ளிகள் இருந்தன. ஜாடியில் பூச்சி இருந்தது. அதை வளர்த்தவன் பாரி என்று டீக்கடை வரைக்கும் தெரியும்.

"பூச்சி கட்ச்சிதுன்னு நான் சொல்லமாட்டேன்," என்றான் பாரி.

"சொல்லாத. பூச்சி கட்ச்சிதுன்னு நாங்க அல்லாரும் சொல்லுவோம், வளத்தவன் நீன்னு சொல்லுவோம். நீயே சொன்னா அது கேங்கு பூச்சி. நாளைக்கும் வேலைக்கு வரலாம்."

மதியம் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். பீம்ராவின் மனைவி மாயாவும் வந்தாள், பிணத்தை வாங்கக் கையெழுத்துப் போட்டுவிட்டு நேரே. போலீஸ்காரர் ஜாடியைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போய்விட்டார். வெளியே எடுத்துக் காட்டச் சொன்னார். யாரும் கிட்டே போகவில்லை. பாரிதான் மூடியைத் திறந்து கையை விட்டான். மாமியா வழக்கம்போல ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து மணிக்கட்டில் ஏறி உட்கார்ந்தது.

"இதான் கட்ச்சிதா?" என்று போலீஸ்காரர் கேட்டார்.

"ஆமா சார். இதான்."

மாயா அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

"உன் கை மேல குந்திகினு கீதே, பாரி. உன்ன ஏன் கடிக்கல?"

"எனக்குப் பழகிடிச்சு அண்ணி."

"அவருக்கும் பழக்கம்தான. வூட்ல வந்து சொல்லிச் சிரிப்பாரு, தேனீ மாரிதான்னு."

கோதண்டம் தொண்டையைச் செருமினான். விஷப் பூச்சியை உயிரோடு வைத்திருக்க வேண்டாம் என்றான். பாரி குனிந்து, மணிக்கட்டிலிருந்து அதைத் தரையில் இறக்கினான். அது ஓடவில்லை. அவன் கையைவிட்டு ஓட வேண்டும் என்று அதற்குத் தெரியாது. செருப்பைக் கழற்றி அடித்தான், இரண்டாவது அடியில் நசுங்கியது. மாயா முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தாள்.

திங்கட்கிழமை பெட்டி வந்தது. பீம்ராவ் இல்லாததால் முறை மறுபடி பாரிக்கே வந்துவிட்டது. கோதண்டம் சீலை வெட்டிக் கதவை இழுத்தான். உள்ளே இருட்டு, தடிகளின் வெட்டுமுகங்கள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன. எதுவும் அசையவில்லை. பாரி சுவரோரம் சாய்த்திருந்த கடப்பாரையை எடுத்தான்.

ராமசுப்பு காரிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா பாரி," என்றான் கோதண்டம், எல்லாருக்கும் கேட்கும்படி. "இன்னும் பயம் போவலயா?"

பின்னால் எவனோ குழாய் என்றான். கேங் சிரித்தது.

பாரி கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஏறினான்.