பன்றி எண்ண வந்தவர்

வெளி நோய் பன்றிகளுக்குத் தொற்றிவிடக் கூடாது என்று, கொட்டகைக்குள் யார் நுழைந்தாலும் குளித்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். கவர்னரே வந்தாலும் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் உள்ளே விடமாட்டார்கள். விவசாய அலுவலகத்திலிருந்து சோதனைக்கு வந்த லோரன் ஹாக் முனகிக்கொண்டே வாசல் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார்.

அவர் வெளியே வருவதற்குள் கணவனிடமிருந்து உண்மையைப் பிடுங்கிவிட வேண்டும் என்று மார்லிஸ் பதறினாள்.

"கெரிட், கூட்டிச் சொன்னியா?"

"எத கூட்டி?"

"பன்னிக் கணக்கத்தான்! இப்பவே சொல்லித் தொலை."

கொரோனா நிவாரணத்துக்குப் பன்றிகளை விவசாயியே எண்ணிச் சொன்னால் போதும், தலைக்கு இவ்வளவு என்று அரசாங்கம் கொடுத்தது. காப்பிக்கடையில் அதைச் சொல்லிக் கண்ணடிக்காத ஆளில்லை. கெரிட் தனியாகப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவருக்குச் சரியான தூக்கமும் இல்லை. வந்த பணம் வங்கிக் கடனுக்கே பற்றவில்லை. அறுவடை முடிந்ததும் நிலம் ஏலத்துக்குப் போகும் நிலையில், பொய்க்கணக்கு என்று அபராதமும் சேர்ந்தால் கதை முடிந்தது.

"சர்ச்சுல காணிக்கைத் தட்டு ஏந்துறவன் நீ. திருட்டுப் பட்டம் வாங்கிட்டு மூஞ்சிய எங்க வெச்சுக்குவ?"

கெரிட் ரசீதுக் கட்டை எடுத்து அடுக்க ஆரம்பித்தார். கல்லுளிமங்கன்!

கதவு திறந்தது. கொட்டகைக்கென்றே வைத்திருந்த கெரிட்டின் முழு உடுப்பில் தொளதொளவென்று நின்றார் லோரன். "இதுக்குள்ள இன்னொரு ஆளு குடியிருக்கலாம்," என்றார். யாரும் சிரிக்கவில்லை.

கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். விற்ற ரசீதுகளையும் தீவன ரசீதுகளையும் புரட்டினார். நெற்றி சுருங்கியது.

"கணக்கு இடிக்குதே, கெரிட்."

திருட்டுப் பட்டம் வந்தேவிட்டது என்று நினைத்தாள் மார்லிஸ்.

"ஏப்ரல்ல இவ்வளவு தீவனம் தின்னிருக்கு. நீங்க சொன்ன கணக்குக்கு இது ரொம்ப அதிகம். கொறச்சுல்ல எழுதியிருக்கீங்க. மிச்சப் பன்னி எங்க?"

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "வண்டியில வந்து ஆளுங்க வாங்கிட்டுப் போனாங்கன்னியே?"

"யாரும் வரல." கெரிட் தரையைப் பார்த்தபடி சொன்னார். "கொரோனான்னு இறைச்சி ஆலைய மூடிட்டான். கொட்டகையில எடமில்ல. சுட்டுப் புதைச்சேன்."

அப்போது அவள் கொரோனாவோடு மாடியறையில் கிடந்தாள். நாள் முழுக்க மண் அள்ளும் இயந்திரம் உறுமியது. என்ன என்று கேட்டதற்கு, வாய்க்கால் வெட்டுவதாகக் கதவுக்கு வெளியே நின்று சொன்னார். சூப்பை வைத்துவிட்டுப் போனார்.

"பன்னிங்க சாகறதுக்கு முந்தின கணக்கு செல்லும்," என்றார் லோரன். "கெடு முடியல, திருத்திக்கலாம். நல்ல தொகை வரும்."

"வேணாம். என் கையால கொன்னதுக்குக் காசு கேக்கமாட்டேன்."

"நெலம் போயிடும், கெரிட்!" என்றாள் மார்லிஸ்.

"போகட்டும்."

லோரன் தயங்கினார். "வீட்டுக்காரம்மா கையெழுத்துப் போட்டாலும் போதும்."

மார்லிஸ் பேனாவை வாங்கிக்கொண்டாள். "எத்தனை?"

கெரிட் கதவுப் பக்கம் திரும்பினார்.

"நான் மேல கெடந்தப்ப எத்தனை, கெரிட்?"

"முந்நூத்தி நாப்பத்தாறு." எந்தக் காகிதத்தையும் அவர் பார்க்கவில்லை.

மார்லிஸ் கையெழுத்துப் போட்டாள். அத்தனையையும் ஒற்றை ஆளாகச் செய்துவிட்டுத்தான் மனுஷன் மாடியேறி வந்திருக்கிறார் என்று நினைத்தபோது அழுகை முட்டியது. அவர் தோளைத் தொடப் போனாள்.

"வேணாம்," என்று அவள் கையிலிருந்த பேனாவைப் பார்த்தபடி கெரிட் விலகி நின்றார்.