முப்பத்தோராவது மணி

தண்ணீர் பாட்டிலின் மூடி திறக்கவில்லை. வலது கட்டைவிரல் மணிக்கட்டோடு சேரும் இடத்தில் ஆணி இறங்கியதுபோல் வலித்தது. பாட்டிலைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இடது கையால் திருகினாள். மூடி கழன்று பாதித் தண்ணீர் மடியில் கொட்டியது. மணி ஐந்தேகால். ஜன்னலில் இன்னும் இருட்டு.

"விளையாடப் போறவளுக்கு இவ்வளவு முனகலா?" என்றாள் அம்மா, படுத்தபடியே. முப்பது வருஷம் கட்டட வேலையில் செங்கல் சுமந்தவள். "உன் கையைப் பாரு, வெண்ணெய்க்கட்டி மாதிரி இருக்கு. இதுக்குப் போய்க் கூலி குடுக்கிறானே ஒருத்தன்."

"நீ ஒருநாள் வந்து ஆடிப் பாரும்மா."

"நான் வந்தா உன் கம்பெனியை வித்துட்டு ஓடுவான்" என்று அம்மா திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வேலையிடத்தில் அவளுக்குக் கட்டைவிரல் என்றுதான் பெயர். வீடியோ கேம்களை விமர்சித்துப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் நிறுவனம் அது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் ஊர் உலகம் வாங்கும். விமர்சனத்தின் கீழே எழுதியவர் பெயர் இருக்கும். ஆனால் எழுதியவர் ஆடியிருக்க மாட்டார். ஒரு கேமை முடிக்க அறுபது மணி நேரம்; விமர்சனம் நாலு நாளில் வெளிவர வேண்டும். எழுதுகிறவருக்கு ஏது நேரம்? அதற்காக மூன்றாம் மாடியில், திரை போட்டு மூடிய அறையில், ஏழு பேர் விடியலிலிருந்து ஆடினார்கள். ஆடுகிற ஒவ்வொரு மணிக்கும் நோட்டில் ஒரு தாள். என்ன நன்று, எங்கே அலுப்பு, எது கெட்டது, எல்லாம் அதில் இருக்கும். எழுத்தர் படித்துவிட்டுத் தாளின் அடியில் சுருக்கொப்பம் போடுவார். கடைசித் தாளில் ஆடியவர் தன் மதிப்பெண்ணைச் சொல்லுவார். ஆடியவர் பெயர் எங்கும் வராது.

அன்று மூன்றாம் நாள். அது ஒரு கடல் கேம். கப்பல் கட்டி, ஆள் சேர்த்து, தீவு தீவாகப் போக வேண்டும். முப்பது மணி நேரம் அவளுக்கே பிடித்துத்தான் ஆடினாள். முப்பத்தோராவது மணியில் பெரிய துறைமுகத்துக்குள் கப்பல் நுழைந்ததும் திரை ஒரு நொடி கறுத்தது. வெளிச்சம் வந்தபோது முதல் பக்கம் நின்றது. கப்பல் இல்லை, ஆட்கள் இல்லை, சேமித்துவைத்த எதுவுமே இல்லை.

அதுவரை ஆடியதற்கு அவளிடம் நகல் இருந்தது. மணிக்கு ஒரு நகல் எடுத்துவைப்பது அந்த அறையின் வழக்கம். காசு கொடுத்து வாங்கி வீட்டில் ஆடுகிறவர்கள் நகல் எடுப்பதில்லை.

"குழந்தை, இங்கே வா. என் கை செஞ்ச தப்பான்னு பாரு."

குழந்தைக்கு நாற்பத்தெட்டு வயது, முழு வழுக்கை. கேமில் நாய் செத்தாலும் கண்ணைத் துடைத்துக்கொள்வதால் வந்த பெயர். கெட்ட இடத்தை இன்னொருவரும் ஆடிப் பார்த்துத் தன் நோட்டில் குறிக்க வேண்டும் என்பதும் அங்கே விதி. அவன் நகலை வைத்து மூன்று தடவை ஆடினான். இரண்டு தடவை எல்லாம் அழிந்தது.

"பாவிங்க. என் மாலுமிங்க அத்தனை பேரும் போயிட்டானுங்க" என்றான். கண் கலங்கித்தான் இருந்தது.

இருவரும் குறித்தார்கள். மறுநாள் மிச்சத்தையும் ஆடி முடித்து, கடைசித் தாளில் கட்டைவிரல் நாலு என்று போட்டாள்.

விமர்சனம் வெளியானபோது ஒன்பது என்று இருந்தது.

எழுத்தரை எல்லோரும் பேனா என்பார்கள். ஐந்து வருஷம் அவளுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து ஆடியவன். அவள் விரல் வீங்கிக் கிடந்த மாதத்தில் தன் கேமை முடித்துவிட்டு அவளுடையதையும் ஆடிக்கொடுத்தவன். எழுத்தராக மேல்மாடிக்குப் போன அன்று, "நான் எழுதுறதுல முதல்ல உன் பேர்தான் வரும், பார்த்துக்கிட்டே இரு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். அவளும் இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

படிக்கட்டில் அவனை மறித்தாள்.

"நாலு எப்படிப்பா ஒன்பதாச்சு?"

"நான் அஞ்சுன்னு எழுதிக் குடுத்தேன். மேல மாத்திட்டாங்க. ஒரு மாசம் முன்பக்கம் முழுக்க அந்தக் கம்பெனி விளம்பரம், தெரியும்ல?"

"முப்பத்தோராவது தாளு?"

"விக்கிறதுக்குள்ள சரி பண்ணிடுவாங்களாம்."

"படிச்சு ஒப்பம் போட்டவன் நீ. உன் பேர்தானே கீழே இருக்கு, கூசலையா?"

"பேர் இல்லாம இருக்கிறது எவ்வளவு நிம்மதின்னு உனக்குத் தெரியல" என்றான். பிறகு குரலை இறக்கினான். "நோட்டைக் குடு. முதலாளிகிட்ட காட்டிப் பேசுறேன். நான் பேசினா கேட்பாரு."

கொடுத்தாள். கூட ஆடியவன் கேட்டால் நோட்டைக் கொடுக்காமல் இருப்பது அந்த அறையில் யாருக்கும் வராது.

அன்று மாலை லிஃப்டில் இறங்கினாள். லிஃப்ட்காரர் நாலடிக்கு நாலடிப் பெட்டிக்குள் பதினெட்டு வருஷமாக நிற்பவர். வருஷத்துக்கு ஒரே ஒரு கேம் வாங்குவார். போனஸ் வந்த கையோடு, மதிப்பெண் பார்த்து. வாங்கும் முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்பார்.

"என்னம்மா, கடல் கேமுக்கு ஒன்பது போட்டிருக்கீங்களே. நாள் பூரா இந்தப் பெட்டிக்குள்ள நிக்கிறவனுக்குக் கடலுன்னா சும்மாவா? வாங்கிடவா?"

லிஃப்டில் மூன்றாவதாக முதலாளி நின்றிருந்தார். போனிலிருந்து தலையைத் தூக்கி, "தைரியமா வாங்குங்க. எங்க ஒன்பது, ஒன்பதுதான்" என்றார்.

லிஃப்ட்காரர் அவளைத்தான் பார்த்தார். அவள் கதவுக்கு மேலே மாறிக்கொண்டிருந்த மாடி எண்ணைப் பார்த்தாள். இரண்டு. ஒன்று. கதவு திறந்தது. திரும்பிப் பார்க்காமல் இறங்கி நடந்தாள்.

கேம் விற்பனைக்கு வந்து பத்து நாள் போயிற்று. கேமை வாங்கியவர்கள் ஒவ்வொருவராக அந்தத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு எல்லாம் அழிந்தது. ஒன்பது போட்டவன் யார், கேமை ஆடினானா தூங்கினானா என்று பத்தாயிரம் பேர் திட்டினார்கள்.

பதினோராம் நாள் விடியலில் மூன்றாம் மாடிக் கதவு அவள் அட்டைக்குத் திறக்கவில்லை. இரண்டு தடவை தேய்த்தாள். உள்ளேயிருந்து குழந்தை வந்து திறந்தான். அவன் கையில் போன் இருந்தது. பேசாமல் நீட்டினான்.

நிறுவனத்தின் அறிவிப்பு. கேமை ஆடிய ஊழியர் முக்கியமான குறை ஒன்றைத் தெரிவிக்கத் தவறிவிட்டார், வாசகர்களிடம் வருந்துகிறோம், அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அதற்கடுத்து அவள் பெயர், முழுப் பெயர், தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு.

ஏழு வருஷத்தில், நூற்றுப்பத்துக் கேமில் வராத பெயர் அன்றுதான் வந்தது. அறிவிப்பின் அடியில் இன்னொரு பெயரும் இருந்தது. எழுதியவன் பேனா.

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "முதல்ல என் பேர்தான் வரும்னான்" என்றாள். "சொன்னதைச் செஞ்சுட்டான்."

முதலாளி எட்டு மணிக்கு வந்தார். பின்னால் பேனா, தரையைப் பார்த்தபடி. அன்று இன்னொரு பெரிய கேம் வந்திருந்தது. நாலு நாளில் விமர்சனம் வர வேண்டும். ஏழு திரையும் அணைந்திருப்பதைப் பார்த்து முதலாளி நின்றார்.

"என்ன இது, துக்க வீடா?"

"என் நோட்டு எங்க சார்?" என்றாள் கட்டைவிரல்.

"எந்த நோட்டும்மா? எங்ககிட்ட எதுவும் வரலையே."

அவள் பேனாவைப் பார்த்தாள். "உன் கையிலதானே குடுத்தேன்?"

பேனா வாயைத் திறந்தான். முதலாளி திரும்பாமலே, "அவருக்கு ஞாபகம் இல்லை" என்றார். பேனா வாயை மூடிக்கொண்டான்.

ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. குழந்தை எழுந்தான். நோட்டை இரண்டு கையாலும் மார்போடு பிடித்திருந்தான், சட்டையில்லாதவன் நெஞ்சை மறைக்கிற மாதிரி.

"நானும் அந்த மணியை ஆடினேன் சார். மூணு தடவை. இதுல எழுதியிருக்கு."

"குழந்தை" என்றார் முதலாளி, அன்பாகவே. "நாற்பத்தெட்டு வயசு உனக்கு. இங்க விட்டா, விளையாடத் தெரியும்னு எவன்கிட்டப் போய் வேலை கேட்பே?"

குழந்தை அழுதுவிடுவான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"தெரியல சார். ஆனா நாளைக்கு என் பேரையும் இப்படித்தானே போடுவீங்க?"

"அந்த நோட்டை மேஜையில வை."

"வைக்க மாட்டான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மிச்ச ஐந்து பேரும் எழுந்து நின்றார்கள். யாரும் யாரையும் கேட்டு எழவில்லை. கட்டைவிரல்தான் பேசினாள்.

"அறிவிப்பை எடுங்க. அந்த ரெண்டு தாளையும் அப்படியே போடுங்க. இனிமே மார்க்கு முழுசா ஆடினவங்க சொல்றதுதான், ஆடினவங்க பேரும் கீழே வரணும். அதுவரைக்கும் புதுக் கேமை யாரும் தொட மாட்டோம்."

முதலாளி சிரித்தார். "விளையாடக் காசு தர்றேன்னா வாசல்ல ஆயிரம் பேர் நிப்பான்மா."

"நிப்பான் சார். பிடிச்ச கேமை ஆடுவான். பிடிக்காததை அறுபது மணி ஆடுறவன் அந்த ஆயிரத்துல எத்தனை பேருன்னு எண்ணிப் பாருங்க."

ஏழு பேரும் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். கதவின் கண்ணாடி வழியே உள்ளே தெரிந்தது. முதலாளி பேனாவின் தோளைத் தொட்டு எதையோ காட்டினார். பேனா நடந்து வந்து கட்டைவிரலின் நாற்காலியில் உட்கார்ந்தான். புதுக் கேமைப் போட்டான். முதல் பாலத்திலேயே விழுந்து செத்தான். மறுபடி ஏறினான். மறுபடி செத்தான்.

"ரெண்டு வருஷத்துல விரல் துருப்பிடிச்சுப்போச்சு" என்றான் ஒருவன்.

"அந்தப் பாலத்துல இடது பக்கம் ஒட்டிப் போகணும்" என்றான் குழந்தை, தாங்காமல்.

"நீ போய்ச் சொல்லிக்குடேன்."

சிரித்தார்கள். கட்டைவிரல் சிரிக்கவில்லை. அந்தக் கை ஒரு மாதம் தனக்காக ஆடிய கை. ஒன்பதாவது தடவை விழுந்ததும் பேனா கதவுப் பக்கம் திரும்பினான். அவள் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு சட்டென்று திரைக்குத் திரும்பிக்கொண்டான். அவன் வந்துவிடுவான் என்று நினைத்திருந்தாள் போலிருக்கிறது. அவன் வரவில்லை என்பது தெரிந்த பிறகுதான், நினைத்திருந்ததே அவளுக்குத் தெரிந்தது.

லிஃப்ட் வந்து நின்றது. லிஃப்ட்காரர் பத்து நாள் விடுப்பு முடிந்து அன்றுதான் வேலைக்கு வந்திருந்தார். கூண்டை விட்டு வெளியே வந்து நேராக அவள் முன்னால் நின்றார்.

"வருஷ லீவு பத்து நாளையும் போட்டு ஆடினேம்மா. கதை தெரிஞ்சுடுமேன்னு போனைக்கூடத் தொடல. நேத்து சாயங்காலம் துறைமுகத்துக்குப் போனேன்."

"கறுத்துப்போச்சா?"

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே. நான் எழுதி வெச்சிருந்தேன். நாலுன்னு போட்டேன்."

கீழ்மாடியில் யாரோ மணியை அழுத்திக்கொண்டே இருந்தார்கள்.

"நான் ஒன்பதைக் கேட்கல. உன்னைக் கேட்டேன். அவர் பக்கத்துல நின்னா என்ன, நீ தலையை ஒரு ஆட்டு ஆட்டியிருந்தாப் போதுமே."

"ஆட்டியிருக்கணும்ணே."

"ஆட்டியிருக்கணும்" என்று அவரும் சொன்னார். மன்னித்த குரல் இல்லை அது.

குழந்தை தன் நோட்டிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றைக் கிழித்து முழங்காலில் வைத்திருந்தான். கோரிக்கைகளை எழுதி ஏழு பேரும் ஒப்பம் போட்டாயிற்று; உள்ளே ஒன்று, வாசகர்கள் பார்க்க வெளியே ஒன்று என்று முடிவாகியிருந்தது. லிஃப்ட்காரர் கழுத்தை நீட்டிப் படித்தார்.

"இதுல ஆடுறவங்க மட்டுந்தானா? வாங்கி ஏமாந்தவன் கையெழுத்துக்கு இடம் இருக்கா?"

குழந்தை நகர்ந்து படியில் இடம் விட்டான். அவர் உட்கார்ந்து நிதானமாக எட்டாவது பெயரை எழுதினார். கீழே மணி அடித்தபடியே இருந்தது. "ஒருநாள் நடந்து ஏறட்டும்" என்றார்.

உள்ளே பேனா மறுபடி பாலத்திலிருந்து விழுந்தான். முதலாளி போனில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரும் எழவில்லை.

தாள் மறுபடி கட்டைவிரலிடம் வந்தது. வலது கை பேனாவைப் பிடிக்க மறுத்தது. இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். கோணலாக, ஆனால் படிக்கிற மாதிரி, எட்டாவது பெயருக்கு எதிரே ஒரு வரி சேர்த்தாள்:

இவருக்கு நான் பாக்கி, முப்பத்தோரு மணி நேரம்.